டீச்சரம்மா பதில்கள்

இந்த தடவ தபால் நெறைய. போன இதழ்ல "வயசானவங்க மனசுல இருக்குறத எழுதுங்க"ன்னு ஒரே ஒரு வரி போட்டதுக்கு இவ்ளோ வரும்னு நான் நெனைக்கல, பாதி லெட்டர் பக்கத்து வீட்டப் பத்தி, மீதி பாதி மருமகளப் பத்தி. மருமக லெட்டரெல்லாம் தனியா ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன், அந்தந்த மருமகளும் எழுதட்டும், ரெண்டையும் படிச்சிட்டுதான் பதில். இத எழுதிக்கிட்டு இருக்கும்போதே ஜன்னல் கம்பியில டப்புன்னு பந்து வந்து அடிச்சுது, காபி டம்ளர் சாஞ்சு ரெண்டு லெட்டர் நனைஞ்சு போச்சு. அதப்பத்தி கடைசில வர்றேன்.

எங்க தெருவுல ஒகேனக்கல் தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது, அதுவும் ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டுல குழாய்லயே நேரா மோட்டார மாட்டி உறிஞ்சிடறாங்க, எங்க வீட்டுல நூல் மாதிரி வடியுது. எனக்கு 68, அவருக்கு 74, ரெண்டு பேருக்கும் முட்டி வலி வேற. கேட்டா "உங்களுக்குதான் போர் இருக்குல்ல"ங்கறாங்க. போர் தண்ணிய காய்ச்சிக் குடிச்சா போதுமா டீச்சர்?
— ஒரு வாசகி, தர்மபுரி

போதாதும்மா. காய்ச்சினா கிருமிதான் சாவும், பல்லையும் எலும்பையும் கெடுக்கற ஃப்ளோரைடு சாவாது, அது நம்ம பாறையில இருந்து கரைஞ்சு வர்ற சமாச்சாரம், காய்ச்சக் காய்ச்ச தண்ணி ஆவியாப் போயி அது இன்னும் கொஞ்சம் கெட்டியாத்தான் ஆகும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுங்கறது கணக்கு, நம்ம மாவட்டத்துல அதத் தாண்டுன கிணறும் போரும் எத்தனையோ. உங்க போர் தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு குடிநீர் வாரிய லேப்ல குடுத்து டெஸ்ட் பண்ணிக்கோங்க, அதுவரைக்கும் அத பாத்திரம் கழுவ, துணி தொவைக்க வச்சுக்கோங்க, குடிக்கவும் சோறாக்கவும் வேணாம்.

நான் இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்கு என் வாயே சாட்சி. நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துல பொறந்தவ, முன்பல்லு நாலுலயும் குறுக்கால பழுப்புக் கோடு, டீ டம்ளர கழுவாம வச்சா அடியில ஒரு வட்டம் படியும் பாருங்க அது மாதிரி. பல்லு உள்ளுக்குள்ள உருவாகுற வயசுல, அதாவது எட்டு வயசுக்குள்ள குடிச்ச தண்ணி போட்ட கோடு அது, அப்புறம் என்ன தேய்ச்சாலும் போவாது, நான் செங்கல் பொடி வரைக்கும் தேய்ச்சுப் பாத்திருக்கேன். என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கம்மா சமையக்கட்டுல வச்சு "வாயத் தொறக்காம சிரி"ன்னு சொல்லி அனுப்பிச்சாங்க, நானும் அப்படியே சிரிச்சேன், ஆனா மாப்ள வீட்டுப் பெரியம்மா ஒருத்தங்க பேரு என்னன்னு கேட்டுட்டாங்க, பதில் சொல்லித்தானே ஆகணும், சொன்ன ஒடனே "பொண்ணு வெத்தல போடுமா?"ன்னாங்க. அவங்க ஆத்தூர் பக்கம், அவங்களுக்கு இந்தக் கத தெரியாது. எங்கப்பா "இது தண்ணிக்கறை"ன்னு வெளக்கிச் சொல்றதுக்குள்ள கேசரி ஆறிப்போச்சு.

ஒகேனக்கல் திட்டத்துக்கு ஜப்பான் கடனுதவியோட 2008ல அடிக்கல் போட்டாங்க, 2013ல தண்ணி விட்டாங்க. எனக்கு அப்ப 59. என் பேரன் பல்லு அரிசி மாதிரி இருக்குது, அவன் கொட்டாவி விட்டாக்கூட நான் பாத்துக்கிட்டு இருப்பேன். அதனால அந்தத் தண்ணிய ஒருத்தர் மோட்டார் போட்டு மொத்தமா உறிஞ்சறாங்கன்னா எனக்கே கோவம் வருது. குழாயில நேரா மோட்டார் மாட்டுறது தப்பு, நகராட்சிக்கு எழுதிப்போட்டா மோட்டார கழட்டி எடுத்துட்டுப் போவாங்க, கனெக்‌ஷனையும் கட் பண்ணுவாங்க. ஆனா எழுதறதுக்கு முன்ன ஒண்ணு பண்ணுங்க. அவங்களுக்கு அந்தப் பக்கத்து வீட்டுலயும் மோட்டார் இருக்கான்னு பாருங்க, இருக்கும். எங்க தெருவுல ஒருத்தர்தான் ஆரம்பிச்சார், ஆறே மாசத்துல ஒம்போது வீட்டுல ஒம்போது மோட்டார், கடைசில ஆரம்பிச்சவருக்கே தண்ணி இல்ல. "தண்ணி விட்ட மொத கால் மணி நேரம் யாரும் மோட்டார் போட வேணாம், நாங்க ரெண்டு குடம் புடிச்சுக்கறோம்"னு போயி கேளுங்க, வீட்டுக்காரர அனுப்பாதீங்க, நீங்க போங்க. கேக்கலைன்னா நகராட்சி இருக்கவே இருக்கு.

உங்க ரெண்டு பேர் முட்டி வலியும் ஃப்ளோரைடுன்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க, வயசும் இருக்குல்ல, டாக்டர்கிட்ட காமிங்க.

என் சம்சாரம் டவுன் பஸ்ல ஓசியில தங்கச்சி வீடு, கோயில், சந்தைன்னு சுத்தறாங்க. 70 வயசு ஆம்பளை நான் டிக்கெட் எடுக்கணும். இது என்ன நியாயம்?
— காரிமங்கலம்

ஓசின்னு சொல்லாதீங்க, அந்த வார்த்தையால ஏற்கனவே பெரிய ரகளை ஆயிடுச்சு. 2021 மே மாசம் ஆரம்பிச்சது இது, அதுக்கு முன்ன நாப்பது வருஷம் உங்க சம்சாரம் தங்கச்சி வீட்டுக்குப் போவணும்னா உங்க சட்டைப்பையப் பாத்துக்கிட்டு நின்னிருப்பாங்க. டிக்கெட் எடுத்துக்கிட்டு கூடப் போயிட்டு வாங்க. வீட்டுல தனியா உக்காந்திருக்கறதுதான் உங்க பிரச்சனை, டிக்கெட் இல்ல.

பென்ஷனுக்கு உயிர்ச் சான்று குடுக்கப் போனா மெஷின்ல என் கைரேகை விழமாட்டேங்குது. மூணு தடவ போயிட்டேன். "கைய தொடச்சிட்டு வைங்க, எண்ண தடவிட்டு வைங்க, நாளைக்கு வாங்க". பக்கத்துல நின்ன பையன் சிரிக்கிறான். ரிட்டயர் ஆனதுல இருந்து வீட்டுல சம்சாரத்தோட சேர்ந்து புளி தட்டி கொட்ட எடுக்கறேன், அதுனால இருக்குமா?
— மாநில அரசு ஓய்வூதியர், கிருஷ்ணகிரி

இருக்கும் சார். புளி மட்டும் இல்ல, வயசானாலே தோல் வறண்டு ரேகை மழுங்கிடும், எனக்கு சாக்பீஸ் புடிச்ச கை வேற, கட்டை வெரல்ல ஒண்ணுமே இல்ல, வழவழன்னு இருக்குது. நம்ம மாவட்டத்துல புளி தட்டுற பொம்பளைங்க ரேஷன் கடையில இதே மாதிரிதான் பத்து வெரலையும் மாத்தி மாத்தி வச்சிக்கிட்டு நிப்பாங்க, நின்னு பாத்தா தெரியும்.

வெரல விட்டுருங்க, மொகத்த காமிங்க. ஆன்லைன்லயே உயிர்ச் சான்று குடுக்கற ஜீவன் பிரமாண் வந்தது 2014 நவம்பர்ல, அப்ப ரேகையும் கண்ணும்தான், 2021 நவம்பர்ல இருந்து மொகத்த வச்சே பண்ணலாம். ஃபோன்ல ரெண்டு ஆப் வேணும், ஒண்ணு ஆதார் ஃபேஸ் ஆர்டி, இன்னொன்னு ஜீவன் பிரமாண். வெளிச்சம் மொகத்துல விழற மாதிரி நின்னு, கண்ணாடிய கழட்டிட்டு, கண்ண ஒரு தடவ சிமிட்டணும், அவ்ளோதான். நான் மொத தடவ பண்ணப்ப சிமிட்டவே மாட்டேனுட்டேன், ஃபோட்டோன்னா கண்ண மூடக்கூடாதுன்னு சின்ன வயசுல ஸ்டுடியோக்காரர் சொன்னது மண்டையில இருக்குது, மெஷின் சிமிட்டு சிமிட்டுங்குது, நான் முழிச்சுக்கிட்டு நிக்கறேன், பேரன் கீழ விழுந்து சிரிக்கறான்.

ஃபோன் ஒத்துவரலன்னா போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து பண்ணிக் குடுப்பார், 70 ரூபா. நீங்க மாநில அரசு பென்ஷனர்ங்கறதால 2023 ஜூலையில இருந்து நீங்க ரிட்டயர் ஆன மாசம் எதுவோ அதுதான் உங்க நேர்காணல் மாசம், அதாவது உயிர்ச் சான்று குடுக்கற மாசம். மத்திய அரசுக்காரங்களுக்கு நவம்பர், 80 தாண்டுனவங்களுக்கு அக்டோபர்லயே ஆரம்பம். பிஎஃப் பென்ஷன்னா எந்த மாசமும் குடுக்கலாம், குடுத்ததுல இருந்து ஒரு வருஷம் செல்லும். சிரிச்ச பையன மன்னிச்சிருங்க, அவன் வெரலும் ஒரு நாள் வழவழன்னு ஆகும்.

"நூறு வருஷம் நல்லா இருக்கணும்"னு யாராவது கால்ல விழுந்துட்டு திருப்பிச் சொன்னா எனக்கு எரிச்சலா வருது. இது தப்பா?
— 77, அரூர்

தப்பில்ல. நீங்க இருக்குறது அதியமான் சீமை. சாப்பிட்டா சாவே வராதுன்னு ஒரு நெல்லிக்கனி கெடைச்சு, அத தான் சாப்பிடாம அவ்வையாருக்குக் குடுத்துட்டான்னு புறநானூறு 91ஆம் பாட்டுல அவ்வையே பாடுது. முப்பது வருஷம் கிளாஸ்ல அத பெருந்தன்மை பெருந்தன்மைன்னு சொல்லிக் குடுத்தேன், எனக்கு முட்டி ஆபரேஷன் சொன்னதுல இருந்து, மனுசன் வெவரமாத்தான் குடுத்திருப்பானோன்னு ஒரு சந்தேகம்.

எங்க வீட்டு செந்தூரா மாமரத்துக்கு 40 வயசு. பக்கத்துல புதுசா குடி வந்த பொண்ணு, எல விழுதுன்னு கூட்டி எங்க கேட்டு முன்னாடி கொட்டுது. ஆனா அவங்க பக்கம் விழற பழத்த மட்டும் சத்தமில்லாம எடுத்துக்குது. இந்த சீசன்ல மட்டும் 46 பழம், எண்ணி வச்சிருக்கேன். எப்படிக் கேக்கறது?
— 72 வயது வாசகர், காவேரிப்பட்டணம்

கேக்காதீங்க ஐயா. தப்பு உங்க மேல.

46 பழத்த எண்ணுனீங்களே, எலைய எண்ணுனீங்களா? காலைல வேலைக்குப் போற பொண்ணா இருக்கும், வாசல் தெளிச்சு கோலம் போட்டு உள்ள போயி திரும்பறதுக்குள்ள கோலத்து மேல பத்து எல, அதுமேல வவ்வாலு கடிச்சுப் போட்ட பிஞ்சு, எறும்பு. பூ உதிர்ற மாசத்துல இன்னும் மோசம், பிசுபிசுன்னு ஒட்டிக்கும், தண்ணி ஊத்தித் தேய்ச்சாலும் போவாது. உங்க மரம், உங்களுக்கு நெழல், அவங்களுக்கு வெளக்கமாறு. பழம் சட்டப்படி மரத்துக்காரருக்குத்தான்னு நீங்க வாதாடலாம், அப்ப எலையும் மரத்துக்காரருக்குத்தானே, அதத்தான் அந்தப் பொண்ணு கேட்டுக்கு முன்னாடி கொண்டாந்து ஒப்படைக்குது.

சீசன் முடிஞ்சுதுல்ல, ஆடி ஆவணியில ஆள் விட்டு அவங்க பக்கம் போற கெளைய அளவா வெட்டுங்க, உள்ள வெளிச்சம் போனா மரத்துக்கும் நல்லது. பூ எடுக்கற சமயத்துல மட்டும் கத்தி வைக்காதீங்க. அடுத்த சீசன்ல மொத காய் பறிக்கும்போது பத்து நல்ல பழமா, காம்புப் பால் வடிய விட்டு, தொடச்சு, ஒரு கூடையில வச்சு நீங்களே கொண்டு போயி குடுங்க. பெங்களூரா காய மாங்கூழ் ஃபேக்டரிக்கு டன் கணக்குல ஏத்தி அனுப்பற ஊர்ல இருந்துக்கிட்டு 46 செந்தூராவுக்கு நோட்டுல கணக்கு வைக்காதீங்க ஐயா, வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க.

அம்மன் பண்டிகைக்கு விடியக்காலம் நாலரைக்கே ஸ்பீக்கர் போட்டுடறாங்க, ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஓடுது. பிபி மாத்திர போட்டும் தூக்கம் இல்ல. சொன்னா "சாமி விஷயத்துல பேசாதீங்க"ங்கறாங்க.
— பாலக்கோடு

சாமி நாலரைக்கு சினிமாப் பாட்டு கேட்டுச்சா? ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ஆம் வருஷமே சட்டம் வந்துடுச்சு, பண்டிகை நாளுக்குன்னு அரசாங்கம் விலக்கு குடுத்தாலும் ராத்திரி 12 வரைக்கும்தான், அதுவும் வருஷத்துல 15 நாளுக்கு மேல கெடையாது. 112க்கு போன் பண்ணலாம், ஆனா நீங்கதான் பண்ணீங்கன்னு தெரிஞ்சா வர்ற வருஷம் உங்க வாசல்லயே ஒரு கொழா கட்டுவாங்க, அதனால பண்டிகைக்கு முன்ன வரி வாங்க வர்றப்பவே, பணத்த கையில வச்சுக்கிட்டு, குடுக்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க. எங்க தெருவுல அது பலிச்சுது.

இன்னொண்ணையும் ஒத்துக்கறேன், கூத்துன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் படிச்சு கூத்து நடக்கறப்ப விடிய விடிய உக்காந்திருக்கேன், படுகளத்தன்னிக்கு மண்ணுல அவ்ளோ பெருசா துரியோதனன படுக்க வச்சு, தொடையில செவப்புத் தண்ணி வைப்பாங்க, சின்னப் புள்ளையில அவன் கண்ணு மேல பாத்துக்கிட்டு இருக்கறதப் பாத்து பயந்து எங்க பாட்டி மடியில மூத்திரம் போயிட்டேன். இப்ப அந்த சத்தம் கேட்டா எனக்கு தூக்கம் நல்லா வருது. என் நியாயம் ஒரு பக்கம் சாஞ்ச நியாயம்தான், தெரியும்.

வீட்ட பெரியவன் பேருல எழுதி வச்சிட்டேன். அவர் போய் மூணு வருஷம் ஆச்சு. இப்ப எனக்கு வீட்டுக்குப் பின்னாடி இருக்கற ஷெட்டுல கட்டில் போட்டிருக்காங்க. சாப்பாடு குடுக்கறாங்க, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா என் வீட்டு முன் வாசல் வழியா நான் போவக்கூடாதாம். யார்கிட்ட சொல்றது? ஊர் பேர் வேண்டாம்.

அம்மா, உங்க லெட்டர நாலு தடவ படிச்சேன். காபி கொட்டுனது அதுல இல்ல, அது நனையாம இருந்துச்சு.

மொதல்ல 14567க்கு போன் பண்ணுங்க, அது முதியோருக்குன்னே இருக்கற நம்பர், காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க. ரெண்டாவது, 2007ல வந்த பெற்றோர் மூத்த குடிமக்கள் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல கோட்டாட்சியர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம், அவர்தான் விசாரிப்பார். மாசம் 10,000 ரூபா வரைக்கும் பராமரிப்புக்கு உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு, நோட்டீஸ் போன 90 நாளுக்குள்ள முடிக்கணும்னும் இருக்குது. வீடு விஷயத்துக்கு 23ஆவது பிரிவு. "என்னைப் பாத்துக்கணும்"ங்கற நிபந்தனையோட எழுதிக் குடுத்து, வாங்குனவங்க பாத்துக்கலன்னா அந்தப் பத்திரத்த ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம். அதனால பத்திரத்து நகல தேடி எடுங்க, அதுல அந்த மாதிரி வரி இருக்கான்னு யாரையாவது படிச்சுச் சொல்லச் சொல்லுங்க, இருந்தா உங்க கை ஓங்கி இருக்கு, இல்லன்னா கொஞ்சம் கஷ்டம், ஆனா பராமரிப்புக் கேக்கறதுக்கு அந்த வரி வேணும்னு அவசியமில்ல. கோர்ட் வளாகத்துல சட்ட உதவி மையம் இருக்கும், பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க.

மனு குடுத்தா மவன் பகையாயிடுவானேன்னு நெனைப்பீங்க. நெனைச்சுட்டுத்தான் மூணு வருஷமா ஷெட்டுல இருக்கீங்க. நாளைக்குக் காலைல முன் வாசல் வழியா வந்து, வாசப்படியில கொஞ்ச நேரம் உக்காருங்கம்மா. யாராவது கேட்டா வெயில் காயறேன்னு சொல்லுங்க. லெட்டர் திரும்ப எழுதுங்க, நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.

வீடு எழுதி வைக்கறதுக்கு முன்னாடி இத படிக்கறவங்க யாராவது இருந்தா, உங்க காலம் முடியற வரைக்கும் அந்த வீட்டுல இருக்கற உரிமைய பத்திரத்துல எழுதிக்காம கையெழுத்துப் போடாதீங்க. புள்ளைங்க மேல நம்பிக்க இல்லையாப்பான்னு கேப்பாங்க. கேட்டுட்டுப் போறாங்க.

டீச்சர் பாட்டி, எங்க பந்த எப்ப குடுப்பீங்க?
— (பெயர் இல்லை, குமாரசாமிப்பேட்டை)

இது பேர் போடாம வந்த லெட்டர், ஸ்டாம்ப் ஒட்டி பத்திரிகை ஆபீசுக்கு அனுப்பி அங்கேருந்து எனக்கு வந்திருக்குது, எங்க வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவுல ஒரு சந்துதான். 'ப'வுக்கு மேல கோடு போட்டு மூடறவன் எங்க தெருவுல ஒருத்தன்தான், ரெண்டு வருஷம் எங்கிட்ட டியூஷன் வந்தும் திருந்தல.

சரி, எல்லாருக்கும் தெரியட்டும். எல்லாருக்கும் நியாயம் சொல்ற நான் பசங்க பால எடுத்து ஒளிச்சு வச்சிருக்கேன். ஜன்னல் கண்ணாடி ஒடைஞ்சது ஒரு தடவ, துளசி தொட்டி ஒரு தடவ, மத்தபடி எல்லாம் சும்மா காம்பவுண்டுக்குள்ள உருண்டு வந்ததுதான், குனிஞ்சு எடுக்க முட்டி வலிக்கும், ஆனாலும் எடுத்துடுவேன். காலி கேழ்வரகு டின்னுல போட்டு வச்சிருக்கேன், நேத்து எண்ணுனேன், ஏழு. இன்னிக்கு காபிய கொட்டுனது எட்டாவது. காவேரிப்பட்டணத்துக்காரர் இத படிச்சா சிரிப்பார், சிரிக்கட்டும். சாயந்தரம் அஞ்சு மணிக்கு கதவத் தட்டி "பாட்டி பாட்டி"ன்னு ஆறு பேர் நிப்பானுங்க, நான் உள்ள டிவி சவுண்ட கொறைச்சிட்டு கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன், தொறக்க மாட்டேன். ஒரு வாரமா அவனுங்க தட்டல, கோயில் பக்கம் ஆடப் போயிட்டானுங்க போல, அஞ்சு மணி ரொம்ப நீளமா இருந்துச்சு. இன்னிக்கு பந்து ஜன்னல்ல அடிச்சப்பதான் திரும்ப வந்துட்டானுங்கன்னு தெரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை காலைல வா. ஒம்போது மணிக்கு மேல வா, அதுக்கு முன்ன பூஜை. ஆறு பேரும் வாங்க, டின்ன பரண்ல இருந்து எறக்க ஆள் வேணும். அதுல ஒண்ணு பச்சக் கலர் டென்னிஸ் பால், அதுல பேனாவுல கே-ன்னு எழுதியிருக்குது, அது உங்களது இல்ல, அடுத்த தெரு பசங்களதுன்னு நெனைக்கிறேன், கேட்டுட்டு வந்து சொல்லு. அப்புறம் 'ப'வுக்கு மேல கோடு கெடையாது.